படத்தில் வருவது பெரெட்டா 92 தானா? திரையை நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

ஒரு துப்பாக்கியைத் திரையில் பார்த்ததும் பெயர் சொல்வது எளிது, சொன்ன பெயர் ஏன் சரி என்று அந்தக் காட்சியை வைத்தே காட்டுவதுதான் கஷ்டம். பெரெட்டா 92 விஷயத்தில் இந்தச் சிக்கல் ரொம்பவே அதிகம். மேல்பக்கம் திறந்து, பேரல் (தோட்டா வெளியேறும் குழல்) வெளியே தெரியும் பிஸ்டல் எது வந்தாலும் "பெரெட்டா" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அது பிரேசிலில் செய்த டாரஸாக இருக்கலாம், பெரெட்டாவிலேயே சின்னதான 84 ஆக இருக்கலாம், அல்லது 92 தான், ஆனால் நீங்கள் சொன்ன பிந்தைய மாடலான 92எஃப்எஸ் அந்தப் படம் எடுத்தபோது விற்பனைக்கே வந்திருக்காது. ஆகவே பெரிய அடையாளத்தில் ஆரம்பித்துச் சின்ன அடையாளம் வரை வரிசையாகப் போங்கள், காட்சி எதுவரை காட்டுகிறதோ அதுவரை மட்டும் பெயர் சொல்லுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் வேறு எந்தத் துப்பாக்கியையும் இதே முறையில் பார்க்கலாம்.

கொஞ்சம் பின்கதை, இது இல்லாமல் மாடல்கள் புரியாது. பெரெட்டா இத்தாலியின் பிரெஷியா பக்கம் கார்தோனே வால் த்ரோம்பியா என்ற ஊரில் உள்ள நிறுவனம். 1526-இல் வெனிஸ் ஆயுதசாலைக்குத் துப்பாக்கிக் குழல் செய்து கொடுத்த பதிவு இருக்கிறது, அவ்வளவு பழசு. 92 வந்தது 1970களின் நடுவில். 9 மி.மீ. தோட்டா, கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் மேகசினில் 15, நீளம் 217 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. 1985 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் இதை எம்9 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. அதே காலகட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸும் எடுத்துக்கொண்டது. ஹாலிவுட் இருக்கும் ஊரின் போலீஸ், நாட்டின் ராணுவம், இரண்டு கையிலும் ஒரே பிஸ்டல் வந்துவிட்டால் திரையில் அது எவ்வளவு தலைகாட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் படி: நல்ல ஃபிரேமைப் பிடியுங்கள்

சண்டைக் காட்சியில் தேடாதீர்கள். சுடும்போது துப்பாக்கி ஆடும், கேமராவும் ஆடும், பாதியை விரல் மறைக்கும். துப்பாக்கியை மேசையில் வைப்பது, இடுப்பிலிருந்து எடுப்பது, மேகசினை மாற்றுவது, இன்னொருவர் கையில் கொடுப்பது, இந்த மாதிரி அமைதியான இடங்களில்தான் அடையாளம் எல்லாம் கிடைக்கும். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டுக் கமா, புள்ளி பொத்தான்களை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னும் முன்னும் நகரும். விஎல்சி பிளேயரில் ஆங்கில 'ஈ' பொத்தான் அந்த வேலையைச் செய்யும், முன்னோக்கி மட்டும். இருட்டுக் காட்சியில் தரம் குறைந்த பிரதியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள், ப்ளூரே தரத்தில் கிடைத்தால் அதையே பாருங்கள்.

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, முடிந்தால் முன்பக்கம் ஒன்று என மூன்று ஃபிரேம் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. எடிட்டிங்கில் காட்சியைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். 92-இல் பிஸ்டலைக் கழற்ற உதவும் சின்ன லீவரும், ஸ்லைடைப் (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) பிடித்து நிறுத்தும் நீளமான லீவரும் இடப்பக்கம்தான் இருக்கும். அவை வலப்பக்கம் தெரிந்தால் படம் திருப்பப்பட்டிருக்கிறது, எழுத்துகளும் இடவலம் மாறியிருக்கும்.

இரண்டாவது படி: மேல்பக்கம் திறந்திருக்கிறதா?

க்ளாக், கோல்ட் 1911, சிக் மாதிரி மற்ற பிரபல பிஸ்டல்கள் எல்லாவற்றிலும் ஸ்லைடு பேரலை முழுக்க மூடியிருக்கும், தோட்டாக் கூடு வெளியேற ஒரு ஜன்னல் மட்டும் இருக்கும். 92-இல் அந்த ஜன்னல் கிட்டத்தட்ட ஸ்லைடின் முன்முனை வரை நீண்டு, மேலிருந்து பார்த்தால் பேரலின் முதுகு நன்றாகத் தெரியும். ஸ்லைடின் இரண்டு பக்கச் சுவர்களும் பேரலின் ஓரமாக முன்னே ஓடி, முனையில் ஒரு வளையமாகச் சேரும். அந்த வளையத்தின் மேலேதான் முன் குறி (குறிபார்க்க உதவும் சின்ன முனை) இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள். இரண்டாம் உலகப்போர் படங்களில் ஜெர்மன் அதிகாரிகள் கையில் வரும் வால்தர் பி38-இலும் பேரல் வெளியே தெரியும், ஆனால் அதில் ஸ்லைடு பாதியிலேயே நின்றுவிடும், பேரல் தனியாக முன்னே நீட்டிக்கொண்டிருக்கும், முன் குறி பேரல் மேலேயே இருக்கும். 92-இன் பூட்டும் பாகம் அந்த பி38-இன் ஏற்பாட்டிலிருந்து வந்ததுதான், அதனால் குடும்பச் சாயல் இருப்பதில் ஆச்சரியமில்லை.

தோட்டா தீர்ந்து ஸ்லைடு பின்னால் நின்றிருக்கும் காட்சி கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். 1911, க்ளாக், சிக் ஆகியவற்றில் அப்போது பேரலின் முன்முனை கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். 92-இல் பேரல் நேராகப் பின்னே போய் நேராகவே நிற்கும், சாய்வே இருக்காது. தூரத்திலிருந்து எடுத்த மங்கலான ஷாட்டில்கூட இது பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது படி: சேஃப்டி லீவர் எங்கே?

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். 92எஸ், 92எஸ்பி, 92எஃப், 92எஃப்எஸ், எம்9 எல்லாவற்றிலும் (இவை 92-இன் அடுத்தடுத்த மாடல்கள்) தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி லீவர் ஸ்லைடின் பின்பகுதியில், ஹேமருக்கு (பின்னால் தெரியும் சின்னச் சுத்தி) சற்று முன்னால் இருக்கும். ஸ்லைடு பின்னால் போகும்போது அதுவும் சேர்ந்தே போகும்.

ஸ்லைடின் பின்பகுதி மொழுமொழுவென்று, லீவர் எதுவும் இல்லாமல், கிரிப்புக்கு (கைப்பிடிக்கு) மேலே, ஸ்லைடுக்குக் கீழே உள்ள பாடியில் லீவர் இருந்தால் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது டாரஸ் பிடி92. 1970களில் பிரேசில் ராணுவ ஒப்பந்தத்துக்காக பெரெட்டா அங்கே ஒரு ஆலை வைத்தது, 1980-இல் அதை டாரஸ் வாங்கிக்கொண்டது. ஆலையோடு இயந்திரம், வடிவமைப்பு எல்லாம் வந்தது, அதுவும் முதல் 92-இன் வடிவமைப்பு. அதனால்தான் டாரஸில் சேஃப்டி இன்றும் பாடியிலேயே இருக்கிறது. கிரிப்பில் காளைத்தலைச் சின்னம் தெரிந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது. பெரெட்டா சின்னம் வட்டத்துக்குள் மூன்று அம்புகள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது: 1970களில் மிகக் குறைவாகச் செய்யப்பட்ட முதல் 92-இலும் சேஃப்டி பாடியில்தான். ஆனால் அது அபூர்வம், படத்தில் வர வாய்ப்பு ரொம்பக் குறைவு. வந்தாலும் கிரிப்பில் இருக்கும் சின்னத்தை வைத்துப் பிரித்துவிடலாம்.

சேஃப்டி பாடியில் இருந்து, பிஸ்டலும் உள்ளங்கைக்கு அடக்கமாகச் சின்னதாக இருந்தால் டாரஸையும் விட்டுவிடுங்கள். அது பெரெட்டாவின் 81, 84 வரிசை, நீளம் 17 செ.மீ. அளவுதான். 1983-இல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் டோனி மொன்டானா வைத்திருப்பது 81. 'தி மேட்ரிக்ஸ்' (1999) இதற்கு அருமையான பயிற்சிப் படம்: நியோ கையில் 92எஃப்எஸ், டிரினிட்டி கையில் 84, ஏஜென்ட்டுகள் கையில் டெசர்ட் ஈகிள். ஒரே குடும்பத்தின் பெரியதும் சிறியதும் ஒரே படத்தில் கிடைப்பதால் அளவு வித்தியாசம் கண்ணில் பதிந்துவிடும்.

பழைய காலப் படங்களில் வரும் பெரெட்டா எம்1951-ஐயும் சொல்லிவிடுகிறேன். அதுவும் திறந்த ஸ்லைடுதான், ஆனால் ஒல்லியான கிரிப், மேகசினில் எட்டே தோட்டா, சேஃப்டி கிரிப்பின் மேல்மூலையில் அழுத்தும் பொத்தானாக இருக்கும். எகிப்து இதை ஹெல்வான் என்ற பெயரில் செய்தது. இன்னும் பின்னே போனால் எம்1934, ரொம்பச் சின்னது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சுடப் பயன்பட்டது அந்த மாடல்தான், ஆகவே அந்தக் காலத்தைக் காட்டும் இந்தியப் படங்களில் அதைத் தேடிப் பார்க்கலாம், 92-ஐப் பார்த்தால் தவறு என்று உடனே சொல்லலாம்.

நான்காவது படி: ட்ரிகர் கார்டும் மேகசின் பொத்தானும்

இங்கேதான் 92 குடும்பத்துக்குள்ளேயே பிரிக்க ஆரம்பிக்கிறோம். மேகசினை விடுவிக்கும் பொத்தான் கிரிப்பின் அடிமூலையில் இருந்தால் 92 அல்லது 92எஸ். ட்ரிகர் கார்டுக்கு (விசையைச் சுற்றியிருக்கும் வளையம்) பின்னால், கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருந்தால் 92எஸ்பி அல்லது அதற்குப் பிந்தையது. அடுத்து ட்ரிகர் கார்டின் முன்பக்கம். வழவழப்பாக வளைந்து இறங்கினால் 92எஸ்பி வரைக்குமான மாடல்கள். முன்பக்கம் சதுரமாகி, இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை வைக்க வசதியாக உள்நோக்கிக் குழிந்து, கீழே சின்னக் கொக்கி மாதிரி நீட்டியிருந்தால் 92எஃப் அல்லது 92எஃப்எஸ். 92எஃப்-இல் கிரிப்பின் முன்பக்க அடியும் வெளிப்புறமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும்.

1980களின் தொடக்கத்து ஐரோப்பியப் படங்களை இந்த இரண்டையும் வைத்தே தேதி பார்த்துவிடலாம்.

ஐந்தாவது படி: ஹேமர் பின்னின் தலை

92எஃப்-ஐயும் 92எஃப்எஸ்-ஐயும் பிரிப்பது இந்த ஒரு பொட்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதன் பின்னால் இருக்கும் காரணம் அவ்வளவு முக்கியம். எம்9-ஐ ஏற்றுக்கொண்ட சில வருடங்களில், ஆயிரக்கணக்கில் சுட்டுப் பயிற்சி எடுத்த அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் வீரர்களிடம் சில பிஸ்டல்களின் ஸ்லைடு நடுவில் உடைந்தது. உடைந்த பின்பாதி அப்படியே பின்னே தெறித்துச் சுட்டவர் முகத்தில் அடித்தது. யார்மீது தவறு என்று பெரெட்டாவுக்கும் ராணுவத்துக்கும் நடந்த சண்டை தனிக்கதை. பிஸ்டலில் வந்த மாற்றம் இதுதான்: ஹேமரைத் தாங்கும் பின்னின் (சின்ன உலோக ஆணி) தலையைப் பெரிதாக்கினார்கள், ஸ்லைடின் இடப்பக்க உட்புறத்தில் அதற்கேற்ற பள்ளம் வெட்டினார்கள். இனி ஸ்லைடு உடைந்தாலும் அந்தத் தலையில் மாட்டி நின்றுவிடும், முகத்துக்கு வராது. இந்த மாற்றத்தோடு வந்ததுதான் 92எஃப்எஸ்.

திரையில் பார்க்க வேண்டிய இடம்: பிஸ்டலின் இடப்பக்கம், சேஃப்டி லீவருக்குக் கீழே, கிரிப் முடிந்து பாடி ஆரம்பிக்கும் மேல்பகுதி. அங்கே ஒரு வட்டத் தலை பெரிதாகத் தெரிந்தால் 92எஃப்எஸ். சின்னப் புள்ளியாக இருந்தால் 92எஃப். வலது கையில் பிடித்திருந்தால் கட்டைவிரல் அந்த இடத்தை மறைத்துக்கொள்ளும், அதனால்தான் மேசையில் வைத்த ஷாட்டைத் தேடச் சொன்னேன்.

'லீத்தல் வெப்பன்' (1987) படத்தில் ரிக்ஸ் கையில் இருப்பது 92எஃப். 'டை ஹார்ட்' (1988) படத்தில் ஜான் மெக்லேன் கையிலும் 92எஃப். இரண்டையும் 92எஃப்எஸ் என்று எழுதுகிறவர்கள் ஏராளம், அந்தப் படங்கள் எடுத்தபோது 92எஃப்எஸ் இன்னும் வரவில்லை என்று யோசித்தாலே தவிர்க்கலாம். ப்ரூஸ் வில்லிஸ் இடக்கைக்காரர் என்பதையும் கவனியுங்கள். அவர் இடது கையால் பிடிக்கும்போது இடப்பக்கக் கிரிப் உள்ளங்கைக்குள் போய்விடும், வலப்பக்கம் நமக்கு நன்றாகத் தெரியும். வலப்பக்கத்துக்கும் தனி அடையாளம் இருக்கிறது: கிரிப்புக்கு மேலே ட்ரிகரிலிருந்து பின்னோக்கி ஓடும் உலோகப் பட்டை வெளியே தெரியும், பெரும்பாலான பிஸ்டல்களில் அது உள்ளே மறைந்திருக்கும். டாரஸிலும் அந்தப் பட்டை வெளியேதான் இருக்கிறது, ஆகவே இதை வைத்துக் குடும்பத்தை உறுதி செய்யலாம், மாடலைச் சொல்லக் கூடாது.

ஆறாவது படி: எழுத்து, குறி, கூடுதல் பாகங்கள்

க்ளோசப் கிடைத்தால் ஸ்லைடின் இடப்பக்க எழுத்தைப் படியுங்கள். ராணுவ எம்9-இல் "யு.எஸ். 9எம்எம் எம்9 – பி.பெரெட்டா – 65490" என்று ஆங்கிலத்தில் இருக்கும், அந்த 65490 தயாரிப்பாளரைக் குறிக்கும் அரசு எண். இத்தாலியில் செய்த விற்பனை மாடலில் பியெட்ரோ பெரெட்டா என்ற பெயரும் கார்தோனே ஊர்ப்பெயரும் இருக்கும். அமெரிக்காவில் முன்பு செய்ததில் மேரிலாந்தின் அக்கோகீக் ஊர்ப்பெயரைப் பார்க்கலாம். ராணுவப் படத்தில் பிஸ்டலை எம்9 என்று கூப்பிடுவார்கள், ஆனால் ஸ்லைடில் ஊர்ப்பெயரோடு விற்பனை மாடல் எழுத்து இருக்கும். இது ரொம்ப சாதாரணம், ராணுவத்துக்குப் போகும் எம்9 சினிமாக்காரர்களுக்குக் கிடைப்பதைவிடக் கடையில் விற்கும் 92எஃப்எஸ் எளிதாகக் கிடைக்கும்.

பின்பக்கத்திலிருந்து எடுத்த ஷாட் இருந்தால் குறிகளையும் பாருங்கள். 92எஃப்எஸ்-இல் பொதுவாக மூன்று வெள்ளைப் புள்ளி. எம்9-இல் முன்னே ஒரு புள்ளி, பின்னே அதைத் தாங்குகிற அரைவட்டம்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். முழுக்க வெள்ளி நிறம் என்றால் ஐனாக்ஸ். ஸ்லைடின் நடுப்பகுதி தடித்துப் பருமனாக இருந்தால் பிரிகேடியர். முன்பக்க அடியில் டார்ச் மாட்ட ரயில் (வரிவரியாகப் பள்ளம் வெட்டிய பட்டை) இருந்தால் எம்9ஏ1 அல்லது 92ஏ1, அதாவது 2000களின் நடுவுக்குப் பிந்தையது. நீட்டிய பேரல், முன்னே மடக்குப் பிடி, பெரிய ட்ரிகர் கார்டு என்றால் அது 93ஆர், மூன்று மூன்றாகச் சுடுவது. 'ரோபோகாப்' (1987) நாயகனின் அந்தப் பிரம்மாண்டமான பிஸ்டல் 93ஆர்-ஐ வைத்துச் செய்ததுதான். பேரல் முனையில் துளையிட்ட கூடுதல் உருளை இருந்தால் பயந்து வேறு மாடல் என்று நினைக்க வேண்டாம், 'லியோன்' (1994) நாயகனின் 92எஃப்எஸ்-இல் அப்படித்தான் மாட்டியிருக்கிறது.

ஏழாவது படி: நிஜமா, பொம்மையா?

மாடல் 92எஃப்எஸ் ஆகவே இருக்கலாம், ஆனால் கையில் இருப்பது காற்றுத் துப்பாக்கியாக இருக்கலாம். முன்பக்க ஷாட்டில் குழலின் துளையைப் பாருங்கள். ஏர்சாஃப்ட் (சின்ன பிளாஸ்டிக் உருண்டை சுடும் காற்றுத் துப்பாக்கி) என்றால் பெரிய குழாய்க்குள் கொஞ்சம் உள்ளே தள்ளி 6 மி.மீ. அளவில் இன்னொரு சின்னக் குழாய் தெரியும். வெற்றுத் தோட்டா (முனையில் குண்டு இல்லாத தோட்டா) சுடுவதற்காக மாற்றிய நிஜத் துப்பாக்கியிலும் துளை குறுகியிருக்கும், அழுத்தம் வெளியே போகாமல் ஸ்லைடைப் பின்னே தள்ளுவதற்காக உள்ளே அடைப்பு வைப்பார்கள். இரண்டையும் பிரிக்க, காலிக் கூடு தெறிக்கிறதா, நெருப்பின் வெளிச்சம் நடிகரின் முகத்திலும் சுவரிலும் விழுகிறதா என்று பாருங்கள். கணினியில் சேர்த்த நெருப்பு பெரும்பாலும் பக்கத்தில் எதையும் வெளிச்சமாக்காது. 2021-இல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் சுடப்பட்டு இறந்த பிறகு, 'தி ரூக்கி' தொடர் மாதிரி சிலர் நிஜத் துப்பாக்கியை முழுக்க விட்டுவிட்டு ஏர்சாஃப்டும் கணினி நெருப்பும் போதும் என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு, ஒரு உயிரை விட எந்தக் காட்சியும் பெரிதில்லை. நமக்கு அதனால் இந்தப் படி இனி இன்னும் முக்கியம்.

எட்டாவது படி: வசனத்தை நம்பாதீர்கள், காலத்தை நம்புங்கள்

வசனம் எழுதுகிறவருக்கும் துப்பாக்கி கொண்டுவருகிறவருக்கும் தொடர்பே இல்லாமல் போவது உண்டு. 'டை ஹார்ட் 2' (1990) படத்தில் மெக்லேன் 'க்ளாக் 7' என்று ஒன்றைச் சொல்வார், ஜெர்மனியில் செய்த பீங்கான் துப்பாக்கி என்பார். க்ளாக் 7 என்று ஒரு மாடலே கிடையாது, க்ளாக் ஆஸ்திரியாக்காரர்களுடையது, அதன் ஸ்லைடு எஃகு. ஜேம்ஸ் பாண்டின் முதல் படமான 'டாக்டர் நோ' (1962) இன்னொரு உதாரணம். பாண்டிடமிருந்து பெரெட்டாவைப் பிடுங்கி வால்தர் பிபிகே கொடுப்பதாகக் காட்சி, திரையில் பிபிகே என்று வருவது அதன் அண்ணன் பிபி. எத்தனை முறை சுட்டார் என்று எண்ணுவதும் வீண், சத்தத்தை வைத்துச் சொல்வதும் வீண், சத்தம் பின்னால் ஸ்டூடியோவில் சேர்ப்பது.

காலம் மட்டும் உண்மையான துணை. கதை எந்த வருடத்தில் நடக்கிறது, படம் எந்த வருடத்தில் எடுக்கப்பட்டது, இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வியட்நாம் போர்க் கதையில் அமெரிக்கச் சிப்பாய் கையில் எம்9 இருந்தால் நீங்கள் துப்பாக்கியைத் தவறாகப் பார்க்கவில்லை, படக்குழு தவறு செய்திருக்கிறது. அப்படியே எழுதுங்கள், கதைக்கு ஏற்றபடி உங்கள் அடையாளத்தை வளைக்காதீர்கள். 'டெர்மினேட்டர் 2' (1991) இதற்கு நேர்மாறு: போலீஸ் உருவத்தில் வரும் டி-1000 கையில் 92எஃப்எஸ், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் அப்போது நிஜமாகவே பெரெட்டாதான் வைத்திருந்தது, ஊரும் காலமும் துப்பாக்கியும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. இந்தியக் கதை என்றால் நம் ராணுவத்தின் நீண்டகாலப் பிஸ்டல் இச்சாப்பூர் ஆலையில் செய்த 9 மி.மீ. 1ஏ, பிரௌனிங் வடிவம், மூடிய ஸ்லைடு. இந்திய ராணுவ அதிகாரி கையில் திறந்த ஸ்லைடு தெரிந்தால் சந்தேகத்தோடு இன்னொரு ஃபிரேம் தேடுங்கள்.

கடைசிப் படி: எழுதும்போது

திறந்த ஸ்லைடு மட்டும் தெரிந்தால் "பெரெட்டா 92 மாதிரி" என்று எழுதுங்கள். ஸ்லைடில் சேஃப்டியும் தெரிந்தால் "பெரெட்டா 92 வரிசை". சதுர ட்ரிகர் கார்டும் தெரிந்தால் "92எஃப் அல்லது 92எஃப்எஸ்". ஹேமர் பின் தெரிந்த பிறகுதான் ஒரே பெயர். கூடவே எந்த நிமிடம், எந்த நொடியில் அந்த அடையாளம் தெரிகிறது என்றும் குறித்துவிடுங்கள், படிக்கிறவர் அதே இடத்தில் நிறுத்திச் சரிபார்த்துக்கொள்வார். ஒரே கதாபாத்திரத்துக்கு ஒரே படத்தில் இரண்டு மூன்று துப்பாக்கிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள், க்ளோசப்புக்கு ஒன்று, ஓடும் காட்சிக்கு ரப்பரில் வார்த்தது ஒன்று, ஆகவே ஒரு நொடியில் பார்த்த அடையாளத்தை முழுப் படத்துக்கும் ஒட்டவைக்க வேண்டாம், ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.